சந்திரசேகர் போட்ட கோடு

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. சாங்கி வில்லேஜ் ராமர் கோயிலில் மாலைப் பூஜை முடிந்ததும் நம்ம இளையர் குழுவில் பத்துப் பதினைந்து பேர் கடற்கரைக்கு நடந்தோம். கையில் ஒரு சின்னத் தொலைநோக்கி, இரண்டு பைனாகுலர், பையில் கட்டி வாங்கிய தே தாரிக். சிங்கப்பூர் வானத்தில் விளக்கு வெளிச்சம் அதிகம், பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் சிரியஸ் தெரியும். தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே தள்ளி, அன்றைக்கு அது பளிச்சென்று நின்றது. பக்கத்திலேயே திருவாதிரை நட்சத்திரம், சிவப்பாக.

அப்போது உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு தம்பி கேட்டான். கருந்துளையிலிருந்து வெளிச்சமே வராது என்கிறார்கள், ஆனால் அது சூரியனைப் போல இத்தனை மடங்கு எடை என்றும் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, எந்தத் தராசில் வைத்துப் பார்த்தார்கள் என்றான். நல்ல கேள்வி. நான் பாதி பதில் சொன்னேன். மீதியை இந்தப் பத்திரிகையில் எழுதுவதாக அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால், ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை.

அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வெள்ளைக்காரர்களுக்குச் சந்திரா. சந்திரசேகரன் என்றால் பிறையைத் தலையில் சூடிய சிவபெருமான், இது உங்களுக்குத் தெரியும். நம்ம வழக்கப்படி அது தாத்தா பேர். அந்தத் தாத்தாவின் இன்னொரு பிள்ளைதான் சர் சி.வி. ராமன். ஆக ராமன் இவருக்குச் சித்தப்பா.

பிறந்தது 1910 அக்டோபர் 19, லாகூரில். அப்பா ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி, வேலை அங்கே. 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. அம்மா சீதாலட்சுமி அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனாலும் இப்சன் எழுதிய ஒரு நாடகத்தைத் தமிழில் கொண்டுவந்த அளவுக்கு மொழி கற்றுக்கொண்டார். அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று ஆசை. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது? பையனுக்கோ இயற்பியல். அம்மா பையன் பக்கம் நின்றார்.

1928இல் ஜெர்மானிய விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் புத்தகத்தை ஏற்கெனவே படித்து முடித்திருந்தார். அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயற்பியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் எடுத்துச் சொன்னார். வேறொரு பையனாக இருந்தால் மனம் உடைந்திருக்கும். இவர் புதிய இயற்பியலைத் தானே படிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. வயது 18. கல்லூரியில் ஒரு போட்டியில் வென்றபோது பரிசாக அவர் கேட்டு வாங்கிய புத்தகம், நட்சத்திரங்களின் உட்புறம் எப்படி இருக்கும் என்று ஆர்தர் எடிங்டன் எழுதியது. எடிங்டன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. மறுபடியும் வருவார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நாங்கள் கடற்கரையில் பார்த்த சிரியஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1844இல் பெசல் என்ற ஜெர்மானியர், சிரியஸ் வானத்தில் நேராகப் போகாமல் மெதுவாக வளைந்து வளைந்து போவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதை இழுக்கிறது என்று முடிவு கட்டினார். 1862இல் அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் புதிய தொலைநோக்கியைச் சோதிக்கும்போது அந்த மங்கலான துணையைப் பார்த்தே விட்டார். இரண்டும் 50 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகின்றன என்பது தெரிந்தால் நியூட்டனின் விதி எடையைக் கொடுத்துவிடும். (பள்ளியில் மாஸ், நிறை என்று படிப்பதைத்தான் நான் எடை என்று எழுதுகிறேன். ஆசிரியர்கள் மன்னிக்கணும்.) அந்தத் துணையின் எடை கிட்டத்தட்ட நம்ம சூரியன் அளவு. ஆனால் உருவம் பூமி அளவுதான்! அதில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு எடுத்தால் 2 டன்னுக்கு மேல் வரும். ஒரு காரையே விரலிடுக்கில் வைத்த மாதிரி. இந்த வகைக்கு வெண்குள்ளன் என்று பேர்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் பாரத்திலேயே உள்ளே அமுங்கும்போது, அதை எது தாங்குகிறது? ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுக்காத எலக்ட்ரான்கள்தான் தாங்குகின்றன என்று கேம்பிரிட்ஜில் ஃபௌலர் 1926இல் விளக்கினார். அந்தக் கணக்குப்படி எவ்வளவு பெரிய நட்சத்திரமும் கடைசியில் வெண்குள்ளனாகி அமைதியாகக் குளிர்ந்துவிடும். எல்லாருக்கும் நிம்மதி.

1930இல் அரசாங்க உதவித்தொகை கிடைத்து சந்திரசேகர் அதே ஃபௌலரிடம் படிக்கக் கிளம்பினார். அம்மா அப்போது படுத்த படுக்கை. பையன் தயங்கினார். போயே ஆகணும் என்று பிடிவாதமாக இருந்தவர் அம்மாதான். ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே மாதம் அம்மா இறந்த செய்தி கேம்பிரிட்ஜுக்குப் போனது. அவர் அம்மாவை மறுபடி பார்க்கவில்லை. இதை எழுதும்போது சாங்கி விமான நிலையம் என் நினைவுக்கு வருகிறது. படிக்கப் போகும் பிள்ளைகளை வழியனுப்பிவிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் அம்மாக்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இவர்களுக்குக் கைத்தொலைபேசியாவது இருக்கிறது.

கப்பலில் முதல் சில நாள் கடல் கொந்தளிப்பு. அது அடங்கியதும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபௌலரின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நட்சத்திரம் கனமாக ஆக, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் இன்னும் நெருக்கப்படும், இன்னும் வேகமாக ஓடும். ஒரு கட்டத்தில் அந்த வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்கணுமே, ஃபௌலர் சேர்க்கவில்லையே? சேர்த்துப் பார்த்தார். ஒளியைத் தாண்டி எதுவும் ஓட முடியாது என்பதால், எலக்ட்ரான்கள் கொடுக்கும் தாங்குசக்தி பாரம் கூடுகிற அளவுக்குக் கூடவில்லை. ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேலே போனால் தாங்கவே முடியாது. வெண்குள்ளனாகவே ஆக முடியாது.

அந்த எடை இன்றைய கணக்கில் சூரியனைப் போல 1.4 மடங்கு. அதைத்தான் சந்திரசேகர் எல்லை என்கிறோம். அப்போது அவருக்கு வயது 19. முழு நியாயமாகச் சொல்லணும்னா, அதே காலத்தில் ஆண்டர்சன், ஸ்டோனர் என்ற இருவரும் வேறு வழியில் இப்படியொரு எல்லையைத் தொட்டார்கள். ஆனால் அதை விடாமல் பிடித்து முழுமையாக நிறுவியவர் இவர். அதற்காக அடி வாங்கியவரும் இவர்தான்.

1.4க்கு மேலே உள்ள நட்சத்திரம் என்ன ஆகும்? அது சுருங்கிக்கொண்டே போகும். எங்கே போய் நிற்கும்? இதுதான் பிரச்சினை.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராக ஆன பிறகு, 1934இல் அவர் இந்தக் கணக்கை எந்தத் தோராயமும் இல்லாமல் ஒவ்வொரு எண்ணாகப் போட்டார். எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கு வந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பார். கணக்குப் போடும் இயந்திரம் கிடைக்கவும் அவரே உதவினார். உலகத்திலேயே பெரிய வானியலாளர், சின்ன வயதில் பரிசாக வாங்கிய புத்தகத்தை எழுதியவர், தன் அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். 24 வயது இளைஞருக்கு எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க.

1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். நட்சத்திரம் அப்படிச் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒளியும் வெளியேற முடியாத நிலைக்கு வருமாம். இப்படி ஒரு அபத்தத்தைத் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தே ஆகவேண்டும் என்றார். கேலியாகச் சொன்னார். சபை சிரித்தது. பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. இத்தனை மாதம் அறைக்கு வந்து போனபோது எடிங்டன் ஒரு வார்த்தைகூட மாற்றுக் கருத்தாகச் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், எடிங்டன் கேலியாகச் சொன்னது அப்படியே கருந்துளையின் இலக்கணம். அவர் கணக்கைச் சரியாகவே புரிந்துகொண்டார். விளைவைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. போர், பாலி போன்ற பெரிய இயற்பியலாளர்களுக்கு இளைஞர் சொல்வதே சரி என்று தெரிந்தது. தனிப்பட்ட முறையில் சொன்னார்கள். வெளியே வந்து பேசவில்லை.

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டை பிடித்துக்கொண்டே இருக்கவில்லை. 1936 செப்டம்பரில் மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதாவை மணந்தார், இருவரும் தாங்களே முடிவு செய்த திருமணம். 1937 தொடக்கத்தில் அமெரிக்காவில் யெர்க்கிஸ் வான்காணகத்தில், சிகாகோ பல்கலைக்கழக வேலையில் சேர்ந்தார். 1939இல் தன் கணக்கு எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். பிறகு அந்தத் துறையை விட்டே விலகி வேறு கேள்விகளுக்குப் போய்விட்டார். பத்து வருஷத்துக்கு ஒரு துறை, கடைசியில் ஒரு பெரிய புத்தகம், அடுத்து வேறு துறை. இப்படித்தான் வாழ்நாள் முழுக்க. யெர்க்கிஸிலிருந்து சிகாகோவுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலே கார் ஓட்டிக்கொண்டு போய் வகுப்பு எடுப்பார். அப்படி ஒரு வகுப்பில் மிகச் சில மாணவர்களே, அவர்களில் இருவர் லீயும் யாங்கும். அவர்கள் 1957இல் நோபல் வாங்கினார்கள். ஆசிரியருக்குக் கிடைப்பதற்கு 26 ஆண்டு முன்னால்!

எடிங்டனோடு உறவை அவர் முறித்துக்கொள்ளவில்லை. 1944இல் எடிங்டன் இறந்தபோது சிகாகோவில் இரங்கல் உரை ஆற்றி, அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளர்களில் ஒருவர் என்று மனமாரப் புகழ்ந்தார். என்னால் அப்படிச் செய்திருக்க முடியுமா, தெரியல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேரைப் பார்த்து, அவர் பெரிய சிவபக்தர் என்று நம்ம கூட்டங்களில் சிலர் பேசுவதுண்டு. அது சரியில்லை. தான் நாத்திகன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கடைசிவரை சைவச் சாப்பாடுதான், ஆனால் அதை வைத்து நாம் அவர் நெற்றியில் திருநீறு பூச வேண்டாம். அவர் எப்படி இருந்தாரோ அப்படியே நம்மவர்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம்.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீங்க. இரண்டு பேர் கைகோத்துப் பின்பக்கம் சாய்ந்து சுற்றுவது. அண்ணனும் குட்டித் தங்கையும் சுற்றினால் அண்ணன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்பான், தங்கை பெரிய வட்டம் போட்டு வேகமாகப் பறப்பாள். இப்போது இருட்டில், தங்கையின் காலணியில் மட்டும் மினுக்கு விளக்கு. அண்ணன் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனாலும் அந்த விளக்கு சுற்றும் வேகத்தைப் பார்த்தே, மறுபக்கம் பிடித்திருப்பது இன்னொரு குழந்தையா, தடியான அண்ணனா என்று சொல்லிவிடலாம். இரட்டை நட்சத்திரத்தில் கைக்குப் பதில் ஈர்ப்பு விசை, அவ்வளவுதான்.

விளக்கின் வேகத்தை எப்படி அளப்பது? சாங்கிக் கடற்கரையில் விமானம் நெருங்கும்போது ஒரு சுருதி, தாண்டிப் போகும்போது சுருதி இறங்கும். ஒளிக்கும் அதே கதை. நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து வேகம். எத்தனை நாளைக்கு ஒருமுறை அது மாறி மாறி வருகிறது என்பதிலிருந்து சுற்றுக்காலம். இந்த இரண்டே எண் போதும், மறைந்திருப்பதன் எடை குறைந்தபட்சம் இவ்வளவு என்று சொல்லிவிடலாம். குறைந்தபட்சம்தான், ஏனென்றால் அந்தச் சுழற்சி நமக்குச் சாய்வாக இருந்தால் முழு வேகம் நமக்குத் தெரியாது. நேர் மேலிருந்து தட்டாமாலையைப் பார்த்தால் தங்கை நம்மை நெருங்கவும் மாட்டாள், விலகவும் மாட்டாள், இல்லையா? சாய்வும், தெரியும் நட்சத்திரத்தின் எடையும் தனியாகத் தெரிந்தால்தான் சரியான எடை வரும்.

1964இல் ஒரு ராக்கெட்டில் அனுப்பிய கருவி, அன்னப்பறவை என்று நாம் சொல்லும் சிக்னஸ் கூட்டத்தில் பலமான எக்ஸ் கதிர் வருவதைக் கண்டது. சிக்னஸ் எக்ஸ்-1. 1971இல் இங்கிலாந்தில் வெப்ஸ்டரும் மர்டினும், கனடாவில் போல்ட்டனும், அந்த இடத்தில் உள்ள பெரிய நீல நட்சத்திரம் 5.6 நாளைக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றுவதை அளந்தார்கள். அந்த எதுவோ வெண்குள்ளனாக இருக்க முடியாத அளவு கனம்.

இங்கேதான் சந்திரசேகரின் கோடு வேலை செய்கிறது. வெறுமே எடை தெரிந்து என்ன பயன்? 1.4க்கு மேலே வெண்குள்ளன் கிடையாது. அதற்கு அடுத்த நிலையான நியூட்ரான் நட்சத்திரத்துக்கும் அதே மாதிரி ஒரு வரம்பு உண்டு, சூரியனைப் போல 3 மடங்குக்குள். அதையும் தாண்டிய எடை, இவ்வளவு சின்ன இடத்தில், வெளிச்சமில்லாமல் இருந்தால் கருந்துளை என்பதைத் தவிர வேறு பேர் இல்லை. தராசில் முள் எங்கே நின்றால் என்ன அர்த்தம் என்று முதலில் கோடு போட்டவர் கப்பலில் வந்த அந்தப் பையன்.

சிக்னஸ் எக்ஸ்-1இல் சந்தேகம் சொல்ல இடம் இருந்தது, துணை நட்சத்திரமே ரொம்பக் கனம் என்பதால். ஐயமில்லாத கணக்கு 1992இல் வந்தது. அதே அன்னப்பறவைக் கூட்டத்தில் வி404 சிக்னி. அதில் தெரியும் நட்சத்திரம் சூரியனைவிட லேசானது. கனரி தீவுகளில் உள்ள தொலைநோக்கியில் அளந்தார்கள். சுற்றுக்காலம் 6.47 நாள். வேகம் நொடிக்கு 208 கிலோமீட்டர், அதாவது கண் சிமிட்டுவதற்குள் சாங்கியிலிருந்து மலாக்கா. இந்த இரண்டு எண்ணையும் போட்டால், மறைந்திருப்பது சூரியனைப் போல 6 மடங்குக்கு மேல், அதுவும் குறைந்தபட்சம். 3ஐத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அந்தக் கட்டுரை வந்தபோது சந்திரசேகருக்கு வயது 81.

அதற்குள் அவரும் ஒரு வட்டம் சுற்றி வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேலே கருந்துளைகளின் கணிதத்தில் இறங்கினார், இளைஞர்களே திணறும் துறை. அதைப் பற்றிய பெரிய புத்தகம் 1983இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 19, அவருடைய 73ஆவது பிறந்த நாள், நோபல் பரிசு அறிவிப்பு. வில்லியம் ஃபௌலர் என்ற வேறொரு ஃபௌலரோடு பகிர்ந்துகொண்டார். இளமையில் செய்த வேலையையே அதிகம் சுட்டிக்காட்டினார்கள், நடுவில் செய்த அத்தனையும் பின்னால் போய்விட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். 1995 ஆகஸ்ட் 21இல் சிகாகோவில் காலமானார்.

நான்கு வருஷம் கழித்து, 1999 ஜூலையில், நாசா ஒரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பியது. போட்டி வைத்துப் பேர் தேடியதில் தேர்வானது சந்திரா. அந்தத் தொலைநோக்கி, கிட்டத்தட்ட 3 மில்லியன் ஒளியாண்டு தள்ளி எம்33 என்ற வேற்று மண்டலத்தில் ஒரு எக்ஸ் கதிர்ப் புள்ளி 3.45 நாளைக்கு ஒருமுறை மறைந்து மறைந்து வருவதைக் கண்டது. பெரிய நட்சத்திரம் அதன் முன்னால் வந்து மறைக்கிறது, கிரகணம் மாதிரி. கிரகணம் தெரிகிறது என்றால் சுழற்சியை நாம் ஏறக்குறையப் பக்கவாட்டில் பார்க்கிறோம். மேலே சொன்னேனே, அந்தச் சாய்வுப் பிரச்சினை தீர்ந்தது. 2007இல் எடை போட்டார்கள், ஏறத்தாழ 16 சூரியன். 2022இல் துணை நட்சத்திரத்தின் எடையைத் திருத்தியபோது 11க்குப் பக்கத்தில் இறங்கியது. சிக்னஸ் எக்ஸ்-1க்கு நேர்மாறு. 15 என்று இருந்தது, தூரத்தைத் திருத்தமாக அளந்ததும் 2021இல் 21 ஆக ஏறியது. முள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் ஆடினாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

தம்பி, செப்டம்பர் மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் அதே கடற்கரையில் ஜோகூர்ப் பக்கம் திரும்பி, வடக்கே பாதி உயரத்துக்குச் சற்று மேலே பார். சிலுவை மாதிரி தெரிவது அன்னப்பறவை. பைனாகுலரில் அதன் கழுத்துப் பக்கம் தேடினால், கருந்துளையைச் சுற்றும் அந்த நீல நட்சத்திரம் வானம் தெளிவாக இருந்தால் சின்னப் புள்ளியாகக் கிடைக்கலாம். நானும் வருகிறேன். தே தாரிக் உன் செலவு.